அயர்லாந்து ஷெரிப்பைப் போலீஸ் என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'பாய்காட்' என்ற சொல் பிறந்த விதத்தைச் சொல்லும் கட்டுரை தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்திருந்தது. 1880-இல் அயர்லாந்தின் மேயோ கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்ற பிரிவு), பெரிய நிலக்கிழார் ஒருவரின் ஏஜெண்டாக இருந்த கேப்டன் பாய்காட்டை ஊரே ஒதுக்கிவைத்ததைத் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஒரு குறை மட்டும். குத்தகைதாரர்களை வீட்டைவிட்டு வெளியேற்ற வந்த ஷெரிப்பை அந்தக் கட்டுரை முழுக்கக் 'காவல்துறை அதிகாரி' என்றே எழுதிவிட்டது. ஷெரிப் போலீஸ் அல்ல. இந்த ஒரு சொல் மாறியதால், அங்கே யார் உத்தரவில் யார் என்ன செய்தார்கள் என்பதே தலைகீழாகிவிடுகிறது. அதனால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறோம்.

மார்பில் நட்சத்திர வில்லையும் இடுப்பில் துப்பாக்கியுமாகக் குதிரையில் வருபவர் அமெரிக்க ஷெரிப். அங்கே அது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி. குற்றவாளியைப் பிடிப்பதும் சிறையை நடத்துவதும் அதன் வேலை. சினிமா வழியாக நமக்குத் தெரிந்த ஷெரிப் அவர் ஒருவர்தான். அயர்லாந்துக் கவுண்டியின் ஷெரிப் கோர்ட் போட்ட உத்தரவை ஊருக்குள் கொண்டுபோய் நிறைவேற்றிக் காட்டுபவர். வேலூர் வாசகருக்குப் புரியும்படி சொல்வதானால், சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் கோர்ட் கட்டளைகளை அனுப்பிவைக்கும் நாசர் அலுவலகமும், அவற்றை நேரில் போய் நிறைவேற்றும் அமீனாவும் செய்யும் வேலைதான் அவர் வேலையின் நடுத்தண்டு. அதோடு ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) கூப்பிடுவது, தேர்தல் நடத்துவது, தூக்குத் தண்டனையை நிறைவேற்றுவது ஆகியவையும் அவர் தலையிலேயே இருந்தன.

நாசர், அமீனா, ஜப்தி, ஜாமீன், ராஜி, வக்கீல் எல்லாம் ஆற்காட்டு நவாப் காலத்துப் பாரசீக நிர்வாக மொழியின் வழியாக நம்மிடம் தங்கிப்போன சொற்கள். நாசர் என்றால் மேற்பார்ப்பவர். அமீன் என்றால் நம்பிக்கைக்கு உரியவர். 'ஷெரிப்' என்ற சொல்லோ 'ஷயர்' என்ற நாட்டுப் பிரிவையும் 'ரீவ்' என்ற மணியக்காரரையும் சேர்த்துப் பிறந்தது. நாட்டு மணியக்காரர் என்று பெயர்த்தால் பிழையில்லை. ஆக, சொல்லின் வேரிலும் போலீஸ் இல்லை.

அயர்லாந்துக்கு இந்தப் பதவி நார்மன்களோடு வந்தது. 12-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் டப்ளினைச் சுற்றித் தொடங்கி, ஆங்கில அரசரின் கை எட்டிய பகுதிகள் ஒவ்வொன்றாகக் கவுண்டி ஆக்கப்பட்டன. கவுண்டி உண்டானால் அதற்கு ஒரு ஷெரிப்பும் உண்டு. விக்லோ 1606-இல் கவுண்டியானதோடு 32 கவுண்டிகளின் கணக்கு முடிந்தது. டப்ளின், கார்க், லிமரிக் போன்ற சில நகரங்கள் தனிக் கவுண்டியாகவே எண்ணப்பட்டதால் அவற்றுக்குத் தனி ஷெரிப் இருந்தார்கள்.

பதவியின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் அயர்லாந்தின் 19-ஆம் நூற்றாண்டைப் புரிந்துகொள்ள முடியாது. ஒவ்வொரு கவுண்டிக்கும் இரண்டு பேர். மேலே ஹை ஷெரிப். ஓராண்டுக்கு மட்டும் பதவி, சம்பளம் கிடையாது, பெரும்பாலும் கவுண்டியின் பெரிய நிலக்கிழார்களில் ஒருவர். ஊர் ஊராகப் போய் வழக்கு விசாரிக்கும் சுற்று நீதிபதிகள் மூன்று பெயர்களை எழுதிக்கொடுக்க, டப்ளினில் இருந்த வைஸ்ராய் ஒருவரை நியமிப்பார். சுற்று நீதிபதிகள் ஊருக்கு வரும்போது எதிர்கொண்டு அழைப்பது, விருந்து வைப்பது, பரிவாரம் வைத்துக்கொள்வது எல்லாம் சொந்தச் செலவு. கௌரவத்துக்கான பதவி என்று பேசப்பட்டாலும் சட்டப் பொறுப்பு முழுவதும் அவர் பெயரில்தான். ஆள் தப்பினாலும், தவறான வீட்டில் பொருளை எடுத்தாலும், கோர்ட்டுக்குப் பொய் அறிக்கை போனாலும் வழக்கு ஹை ஷெரிப்மேல்தான் வரும்.

கீழே சப்-ஷெரிப். வேலை தெரிந்தவர் இவர்தான். ஹை ஷெரிப் வருடந்தோறும் மாறினாலும் சப்-ஷெரிப் பல ஆண்டுகள் அதே நாற்காலியில் இருப்பார். வருமானம் கட்டளை நிறைவேற்றக் கிடைக்கும் கட்டணத்திலும், வசூலாகும் தொகையில் விழுக்காட்டிலும். தனக்கு வழக்கு வராமலிருக்க ஹை ஷெரிப் இவரிடம் ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்வார். அதற்கும் கீழே பெய்லிஃப்கள். நம் அமீனாவைப்போல வீட்டுவாசலில் நிற்பவர்கள் அவர்கள். பேர் ஒருவருக்கு, வேலை ஒருவருக்கு, கூலி வசூலுக்குத் தக்கபடி. கெட்டது எல்லாம் இந்த ஏற்பாட்டிலிருந்து கிளம்பியதுதான்.

முதலில் ஜூரி. வழக்குக்கு ஜூரிகளாக யார் யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியலை எழுதுவது ஷெரிப் அலுவலகம். பட்டியலை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறதோ, தீர்ப்பின் பாதி அவர் கையில். 1848-இல் அயர்லாந்துத் தேசியவாதி ஜான் மிட்செல்மேல் நடந்த தேசத்துரோக வழக்கில், ஜூரியைப் பொறுக்கிச் சேர்த்தார்கள் என்று அவர் குற்றவாளிக் கூண்டிலிருந்தே ஷெரிப்பைக் குற்றம்சாட்டினார். இப்படிப் பல ஆண்டுகள் எழுந்த புகாருக்கு 1871-இல் வந்த ஜூரிச் சட்டம் ஒரு நேர்த்தியான மருந்து கொடுத்தது. தகுதியுள்ளவர்களின் புத்தகத்திலிருந்து அகர வரிசைப்படி, எழுத்துக்கு ஒருவராக எடுத்துக்கொண்டே போக வேண்டும். சட்டம் கொண்டுவந்தவர் அப்போதைய அயர்லாந்து லார்ட் சான்சலர் ஓ'ஹாகன். பட்டியலை எழுதுபவரின் விருப்பத்துக்கு இடமே இல்லாமல் செய்யும் விதி இது. இன்றைக்கும் எந்த அலுவலகத்தில் பெயர்ப் பட்டியல் போட்டாலும் இதைவிடச் சுருக்கமான காப்பு வேறு இல்லை என்பது எங்கள் எண்ணம்.

கிராண்ட் ஜூரி என்று இன்னொன்று இருந்தது. 23 பேர் வரை கொண்ட அந்தச் சபையைத் தேர்ந்தெடுத்தவரும் ஹை ஷெரிப்பே. பெரிய குற்ற வழக்குகளை விசாரணைக்கு அனுப்பலாமா என்று பார்ப்பதோடு, கவுண்டியின் சாலை, பாலம், கோர்ட் கட்டிடம், சிறைக்கான செலவை ஒதுக்கி அதற்கான வரியைப் போடுவதும் அவர்களே. நம் பழைய ஜில்லா போர்டின் அதிகாரம், ஒருவர் பொறுக்கியெடுத்த 23 பேரிடம் இருந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். வரி கட்டியவர்களில் பெரும்பாலோர் குத்தகைதாரர்கள். உட்கார்ந்து ஒதுக்கியவர்கள் நிலக்கிழார்கள். 1898-இல் உள்ளாட்சிச் சட்டம் வந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட கவுண்டி கவுன்சில்கள் அமைந்த பிறகே இது முடிந்தது.

தேர்தல் அதிகாரியும் ஷெரிப்தான். 1828 ஜூலையில் கிளேர் கவுண்டியின் எனிஸ் ஊரில் நடந்த இடைத்தேர்தல் எல்லாருக்கும் தெரிந்தது: கத்தோலிக்கரான டேனியல் ஓ'கானல் 2,057 ஓட்டும், எதிர்த்து நின்ற வெசி ஃபிட்ஸ்ஜெரால்டு 982 ஓட்டும் வாங்கினார்கள். நாடாளுமன்றத்தில் உட்காரக் கத்தோலிக்கருக்குத் தடையாக இருந்த உறுதிமொழி நடைமுறையில் இருந்த காலம் அது. ஆனாலும் அதிக ஓட்டு வாங்கியவர் இவர் என்று எழுதி அனுப்ப வேண்டிய கடமை ஷெரிப்புக்கு இருந்தது, எழுதினார். மறு ஆண்டே தடையை நீக்கும் சட்டம் வந்தது. அதுவரை கத்தோலிக்கர் ஷெரிப் ஆகவும் முடியாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 1793-இல் பல உரிமைகளைக் கொடுத்த சட்டமும் அந்த நாற்காலியை விலக்கியே வைத்திருந்தது.

இனிக் கட்டளை நிறைவேற்றம். கட்டுரையாளர் தவறவிட்டதும் இதைத்தான்.

பணத்துக்கான தீர்ப்பு கிடைத்தவர், 'ஃபைரி ஃபேசியாஸ்' என்ற கட்டளையைக் கோர்ட்டில் வாங்கி ஷெரிப் அலுவலகத்தில் கொடுப்பார். கடனாளியின் அசையும் பொருளிலிருந்து இவ்வளவு தொகையை உண்டாக்கிக் கொடு என்பது அதன் பொருள். வாங்கியதும் ஷெரிப் செய்யும் முதல் வேலை, கட்டளையின் முதுகில் அது வந்த நேரத்தைக் குறிப்பது. இது வெறும் முத்திரை அல்ல. ஒரே கடனாளிமேல் இரண்டு பேர் கட்டளை கொண்டுவந்தால், முதலில் கொடுத்தவருக்கே முதல் உரிமை. நேரம் தவறாகக் குறித்தால் பின்னால் வந்தவர் முந்திக்கொள்வார். இழந்தவர் ஷெரிப்மேல் வழக்குப் போடுவார். நம் சட்டத்தில் இந்த இடத்தில் வழி வேறு. சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 73-இன்படி, பணம் கோர்ட்டுக்கு வந்து சேருவதற்கு முன் நிறைவேற்று மனு (ஈ.பி.) போட்ட டிகிரிதாரர்கள், அதாவது தீர்ப்பை வென்றவர்கள், எல்லாருக்கும் விகிதப்படி பங்கு. குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ ஒரே வியாபாரிக்குப் பலர் கடன் கொடுத்து, அவர் நொடித்துப்போகும்போது இது பெரிதாகத் தெரியும். 'முதலில் ஜப்தி செய்தவன் நான்' என்று சும்மா இருந்துவிடக் கூடாது. தாமதமாக வந்தவரும், பணம் வந்து சேருமுன் மனுப் போட்டுவிட்டால், பங்கு கேட்பார்.

அடுத்து, ஷெரிப் பெயர் குறித்து பெய்லிஃபுக்கு வாரண்ட் எழுதித் தருவார். பெய்லிஃப் போய்ப் பொருளைக் கைப்பற்றிப் பட்டியல் எடுப்பார், காவலுக்கு ஆள் வைப்பார், ஏலம் போடுவார். வெளிக்கதவை உடைத்து உள்ளே போகக் கூடாது என்பது 1604-இல் லண்டனில் தீர்ந்த செமெய்ன் வழக்கிலிருந்து வரும் பழைய விதி. உடுப்பும் படுக்கையும் தொழிற்கருவியும் ஓரளவுக்கு விலக்கு. பொருள் எதுவும் அகப்படவில்லை என்றால் 'நுல்லா போனா' என்று எழுதிக் கட்டளையைத் திருப்புவார்; பொருள் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். பொருள் தன்னுடையது என்று மூன்றாம் மனிதர் வந்து நின்றால், தானே தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு பேரையும் கோர்ட்டுக்கு அழைத்துவிடுவார்.

நம் ஊரிலும் படிகள் ஏறத்தாழ இவையே. சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 60-இல் விலக்குப் பட்டியல் இன்னும் விரிவானது: உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை, கைவினைஞரின் கருவி, உழவரின் கலப்பையும் மாடும். குடியாத்தம் நெசவாளியின் தறியைப் பணத் தீர்ப்புக்காக ஜப்தி செய்ய வருபவரிடம் இந்தப் பிரிவைக் காட்டினால் போதும். பிரிவு 62-இன்படி சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் குடியிருக்கும் வீட்டுக்குள் அமீனா நுழையக் கூடாது. கடனாளியே குடியிருக்கும் வீடாக இருந்து, அவர் உள்ளே விட மறுத்தால்தான் வெளிக்கதவை உடைக்கலாம். பெண்கள் இருக்கும் அறை என்றால் அவர்கள் வெளியேற அவகாசம் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் பொருளை ஒளித்து வைத்திருக்கிறார் என்ற சந்தேகத்தில் அந்தக் கதவை உடைக்க அமீனாவுக்கு அதிகாரம் இல்லை.

நிலத்தின் சுவாதீனத்துக்கான கட்டளைக்கு அயர்லாந்தில் 'ஹாபேரே' என்று சுருக்கப் பெயர். குத்தகைதாரர்கள் நிலக்கிழார்களை எதிர்த்துப் போராடிய நிலப்போர்க் காலத்தில் ஊரையே நடுங்க வைத்த சொல் அது. ஓராண்டு வாடகை பாக்கியானால் நிலக்கிழார் வெளியேற்ற வழக்குப் போடலாம். தீர்ப்பு வந்து ஹாபேரே சப்-ஷெரிப் கைக்கு வந்தால், வீட்டில் இருக்கும் ஒவ்வொரு ஆளும் வெளியே வர வேண்டும். சாமானும் வெளியே வர வேண்டும். அடுப்பு நெருப்பு அணைக்கப்பட வேண்டும். ஒருவர் உள்ளே மிச்சமிருந்தாலும் சுவாதீனம் முழுமையாகவில்லை என்ற வாதம் வரும் என்பதால், நோயாளி, கிழவி, குழந்தை என்று யாரையும் விட்டுவைக்க முடியாத நிலை. பிறகு வீட்டைச் சொந்தக்காரரின் ஏஜெண்டிடம் ஒப்படைப்பார்கள். பல இடங்களில் அதே குடும்பத்தை அன்றே 'காவல்காரர்' என்று கையெழுத்து வாங்கி உள்ளே விடுவதும் உண்டு. குத்தகைதாரராக வெளியே போனவர் எந்த உரிமையும் இல்லாத காவலாளியாக உள்ளே வருவார்.

இரண்டு காப்புகள் இருந்தன. இரண்டையும் கட்டுரை சொல்லவில்லை. 1860-ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டத்தின்படி, வாடகை பாக்கிக்காக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் பாக்கியையும் செலவையும் கட்டினால் நிலத்தைத் திரும்பக் கேட்கலாம். பஞ்ச காலத்தில் 1848-இல் வந்த இன்னொரு சட்டம், கிறிஸ்துமஸ் நாளிலும் புனித வெள்ளியிலும் இரவு நேரத்திலும் வெளியேற்றுவதைத் தடுத்தது. வெளியேற்றுமுன் ஏழைகளுக்கு உதவும் அதிகாரிக்குத் தகவல் தர வேண்டும் என்றது. ஆள் உள்ளே இருக்கும்போதே கூரையைப் பிரிப்பதைக் குற்றமாக்கியது. இப்படி ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

போலீஸ் எங்கே வந்தது? 1836-இல் ஒன்றாக்கப்பட்டு, 1867-இல் 'ராயல்' பட்டம் பெற்ற அயர்லாந்துக் காவல் படை, சப்-ஷெரிப்புக்குப் பாதுகாப்பாக வந்தது. சில வேளைகளில் ராணுவமும் வந்தது. அவர்களை நடத்த மாஜிஸ்திரேட் ஒருவர் கூடவே இருப்பார். ஆளை வெளியேற்றும் வேலை ஷெரிப்பின் ஆட்களுடையது. போலீஸ் சுற்றி நின்று கலகம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோடு இப்படித்தான் கிழிக்கப்பட்டிருந்தது. உள்ளூரில் யாரும் பெய்லிஃப் வேலைக்கு வராமல் போனபோது, அல்ஸ்டரிலிருந்தும் டப்ளினிலிருந்தும் கூலிக்கு ஆள் கொண்டுவந்தார்கள். 1888-இல் கிளேர் கவுண்டியின் கில்ரஷ் அருகே வாண்டெலர் பண்ணையில், மூன்று மரங்களை முக்காலிபோல நிறுத்தி நடுவில் கனத்த மரத்தைத் தொங்கவிட்டு ஆட்டி ஆட்டிச் சுவரை இடித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் ஜன்னலை முள்செடியால் அடைத்துக்கொண்டு கொதிக்கும் தண்ணீரை ஊற்றினார்கள். அந்தக் காலப் புகைப்படங்களில் சீருடையில் வரிசையாக நிற்பவர்கள் போலீஸ். கட்டளைக் காகிதம் கையில் உள்ள ஷெரிப் வேறு ஆள். ஷெரிப்பைப் போலீஸாக்கிவிட்டால், கோர்ட்டும் நிலக்கிழாரும் படத்திலிருந்தே மறைந்துவிடுகிறார்கள். பழி முழுக்கப் போலீஸ்மேல் விழுகிறது. நடந்தது அப்படி இல்லை.

ஏலத்தின் கதையும் இதே. மாட்டை ஷெரிப் ஏலத்துக்குக் கொண்டுவந்தால் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பவர் மறுநாளே பாய்காட்டுக்கு ஆளாவார். கேட்பாரற்ற ஏலம் எந்தச் சட்டத்துக்கும் பயன்படாது. அதனால் 1880 டிசம்பரில் நிலக்கிழார்கள் சொத்துப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்து, ஏலம் கேட்க வெளியூர் ஆட்களை அனுப்பினார்கள். நம் பகுதியிலும் ஏலம் கேட்க ஆள் வராமல் ஈ.பி. ஆண்டுக்கணக்கில் இழுப்பது உண்டு. காரணம் அரசியல் இல்லை, பெரும்பாலும் ஏல அறிவிப்பு ஊருக்கே தெரியாமல் போவது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 21 விதி 54 ஜப்தியைத் தமுக்கு அடித்தோ வேறு வழக்கமான முறையிலோ அறிவிக்கச் சொல்கிறது. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி ஆட்சியர்களுக்கு எழுதியது. மனிதரைப் பறையோடு தெருத்தெருவாக அனுப்பும் அந்த வழக்கம் ஒழிந்தது சரியானதே. அந்த இடத்துக்கு ஒலிபெருக்கி வண்டி வர வேண்டும். பல இடங்களில் வருவதில்லை. நோட்டீஸை நிலத்தில் ஒட்டியதாக எழுதிவிட்டு விடுகிறார்கள்.

ஷெரிப் பதவி அயர்லாந்தில் கரைந்த விதமும் கவனிக்க வேண்டியது. ஒரே அடியில் ஒழிக்கவில்லை. ஜூரியைப் பொறுக்கும் உரிமையை 1871 எடுத்தது. கிராண்ட் ஜூரியின் வரி அதிகாரத்தை 1898 எடுத்தது. 1920-இல் வந்த சட்டம் வேலையைக் கீழே இருந்த அண்டர்-ஷெரிப்பிடம் (முன்னே சொன்ன சப்-ஷெரிப்தான்) நேராக ஒப்படைத்து, ஹை ஷெரிப்பை அலங்காரமாக்கியது. சுதந்திர அரசு வந்த பிறகு, 1926-ஆம் ஆண்டு நீதிமன்ற அலுவலர் சட்டம் ஹை ஷெரிப்பை எடுத்துவிட்டது. அண்டர்-ஷெரிப்களை வீட்டுக்கு அனுப்பவில்லை; ஒருவர் ஓய்வு பெறவோ இறக்கவோ செய்தால், அந்தக் கவுண்டியின் வேலை கவுண்டி பதிவாளருக்குப் போகும் என்று வைத்தார்கள். வேலை தெரிந்தவரை வைத்துக்கொண்டே நாற்காலியை எடுத்த முறை இது. 1945-இல் மீண்டும் ஷெரிப் நியமிக்க இடம் கொடுத்துச் சட்டம் வந்தது. டப்ளினிலும் கார்க்கிலும் ஷெரிப். மற்ற இடங்களில் பதிவாளரே. 1980-களில், செலுத்தாத வரியை வசூலிக்கவென்று மற்ற பகுதிகளுக்கும் ஷெரிப்களை நியமித்தார்கள், அவர்கள் வழக்குரைஞர்கள். வட அயர்லாந்து வேறு வழியில் போனது. அங்கே ஹை ஷெரிப் இன்றும் சடங்குக்காக நியமிக்கப்படுகிறார். தீர்ப்பு நிறைவேற்றத்தை 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே மைய அலுவலகத்திடம் கொடுத்துவிட்டார்கள். கடனாளியின் நிலைமையை அந்த அலுவலகமே விசாரித்து, எந்த வழியில் வசூலிப்பது என்று முடிவு செய்யும். டிகிரிதாரர் ஜப்தி, சம்பளப் பிடித்தம், கைது என்று ஒவ்வொன்றாக முயன்று பார்த்து அலைய வேண்டியதில்லை.

நம் மாநிலத்திலும் ஷெரிப் இருந்தது வாசகர் பலருக்கு மறந்திருக்கும். 1726-ஆம் ஆண்டு அரச சாசனத்தோடு சென்னைக்கு வந்த பதவி. உயர்நீதிமன்றம் அமைந்த பிறகு அதன் கட்டளைகளை நிறைவேற்றியது. கடைசியில் வரவேற்பு விழாக்களோடு நின்று, 1998-இல் ஒழிக்கப்பட்டது. அதன் எல்லை சென்னை நகரம் மட்டுமே. வட ஆற்காட்டுக்கு ஷெரிப் வந்ததே இல்லை. சித்தூர் தலைநகராக இருந்தபோதும், 1911-இல் சித்தூர் பிரிந்து வேலூர் தலைநகரான பிறகும், இங்கே ஜில்லா கோர்ட்டின் நாசரும் அமீனாவுமே இருந்தார்கள். ஒரு சின்ன இடைக்குறிப்பு: 1806 ஜூலை 10 அன்று ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து வேலூர்க் கோட்டைக் கிளர்ச்சியை அடக்கிய கில்லெஸ்பி, அயர்லாந்தின் டவுன் கவுண்டிக்காரர். அயர்லாந்துக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அயர்லாந்து ஷெரிப்பைப் பற்றிப் படிக்கும் வேலூர் வாசகருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. கட்டளையின் முதுகில் எழுதப்படும் வரி. அங்கே பொய்யான 'நுல்லா போனா'வுக்கு ஷெரிப் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். இங்கே ஆணை 21 விதி 25-இன்படி, அமீனா எந்த நாளில் எப்படி நிறைவேற்றினார், நிறைவேற்றவில்லை என்றால் ஏன் என்று கட்டளையிலேயே எழுத வேண்டும். நிறைவேற்ற முடியவில்லை என்று எழுதினால், ஏன் முடியவில்லை என்று கோர்ட் அவரை விசாரிக்க வேண்டும். இந்த விசாரணையைக் கேட்டுப் பெறும் டிகிரிதாரர் மிகக் குறைவு. 'கதவு பூட்டியிருந்தது', 'சொத்தை அடையாளம் காட்ட ஆள் வரவில்லை', 'எதிர்ப்பு இருந்தது' என்ற மூன்று வரிகளில் ஒன்றோடு கட்டளை திரும்பி வரும், வாய்தா போகும்.

மூன்றுக்கும் மருந்து வேறுவேறு. பூட்டு என்றால் பூட்டை உடைக்க அனுமதி கேட்டு மனு. எதிர்ப்பு என்றால் போலீஸ் உதவி கேட்டுத் தனி மனு. மூன்றாம் நபர் தடுத்தால் அதே ஆணையின் விதி 97-இல் மனு. அடையாளம் என்றால் தவறு டிகிரிதாரர் பக்கம்தான். அமீனா போகும் நாளில் அவரோ அவர் ஆளோ கூடவே இருக்க வேண்டும். பழைய சர்வே எண்ணை அப்படியே எழுதி, உட்பிரிவு ஆனதைக் கவனிக்காமல் விடுவது அதிகம் நடக்கும் தவறு. 2019-இல் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்த பிறகு, சொத்து விவரத்தில் பழைய மாவட்டப் பெயரையும் வட்டத்தையும் அப்படியே விட்டு மனுத் திரும்புவதும் உண்டு. நான்கெல்லையும் வீட்டுக் கதவு எண்ணும் டிகிரியிலும் மனுவிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். கட்டளையை நிறைவேற்றுவதற்கான கட்டணமாகிய படிப்பணத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டும். கட்டாததால் கட்டளை எழுதப்படாமலே கிடப்பதை அமீனாவின் மெத்தனம் என்று சொல்லிப் பயனில்லை. டிகிரி வந்து 2 ஆண்டு கடந்திருந்தால் கடனாளிக்கு விதி 22 நோட்டீஸ் முதலில் போக வேண்டும். 12 ஆண்டு கடந்தால், நிரந்தரத் தடையாணை போன்றவை தவிர, கதவே மூடிவிடும். ஏலத்தில் எடுப்பவர் அங்கேயே 25 விழுக்காடு கட்டி, மீதியை 15 நாளுக்குள் கட்ட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் மறு ஏலம். நிறைவேற்று மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் சொன்னது. ஒவ்வொரு வாய்தாவிலும் வக்கீல் அதை எடுத்துச் சொல்லலாம்.

கடைசியாக, தங்கள் மொழிபெயர்ப்பாளர்களுக்கு. அயர்லாந்து, இங்கிலாந்து செய்திகளில் ஷெரிப் வரும்போது 'ஷெரிப்' என்றே எழுதி, முதல் முறை மட்டும் 'கோர்ட் கட்டளையை நிறைவேற்றும் கவுண்டி அதிகாரி' என்று சேர்த்தால் போதும். சப்-ஷெரிப்பைத் 'துணை ஷெரிப்' எனலாம். பெய்லிஃபுக்கு 'அமீனா' என்ற சொல் கச்சிதமாகப் பொருந்தும். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டாம். 'ஹாபேரே'வைச் 'சுவாதீனக் கட்டளை' என்றும், 'நுல்லா போனா'வைப் 'பொருள் இல்லை என்ற அறிக்கை' என்றும் எழுதலாம். அமெரிக்கச் செய்தியாக இருந்தால் மட்டும் காவல் என்ற சொல் வரட்டும். வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
நீதிமன்ற நிறைவேற்றுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஊழியர்கள்,
சத்துவாச்சாரி, வேலூர்.